வந்த வழியிலேயே சரிபார்க்காதீர்கள்

(பனியன் தொழிலில் இருப்போருக்காகக் கணினி, இணையம், கைபேசிப் பாதுகாப்பு குறித்துத் திருப்பூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் ஊரில் ஒரு பனியன் பெரும்பாலும் ஒரே கூரையின் கீழ் உருவாவதில்லை. நூல் நிட்டிங்குக்குப் போகிறது. துணி சாயப்பட்டறைக்குப் போகிறது. அங்கிருந்து காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று பல கைகள் மாறி, கடைசியில் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் லாரியில் ஏறுகிறது. கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு டெலிவரி சலான் உண்டு. எத்தனை ரோல், என்ன எடை, எந்தக் கலர், எந்த லாட் என்று அதில் எழுதியிருக்கும். இறக்குகிறவர் எண்ணிப் பார்த்து, எடை போட்ட பிறகுதான் கையெழுத்துப் போடுவார். இருபது வருடப் பழக்கமுள்ள பட்டறையிலிருந்து வந்தாலும் எடை போடாமல் இறக்குவதில்லை. அதை யாரும் அவமரியாதையாக எடுத்துக்கொள்வதும் இல்லை. அது தொழிலின் ஒழுங்கு.

அதே கம்பெனியில், அதே நாளில், பல லட்சம் ரூபாய் போய்ச் சேர வேண்டிய வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டதாக ஒரு மெயில் வருகிறது. அதை யாரும் எடை போட்டுப் பார்ப்பதில்லை. 'பார்ட்டி மெயில் அனுப்பியிருக்கிறார்' என்று கேஷியர் சொல்கிறார், பணம் போய்விடுகிறது.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஒரு செய்தி எந்த வழியில் வந்ததோ, அதே வழியில் அதைச் சரிபார்க்காதீர்கள். வேறொரு வழியில் சரிபாருங்கள். மெயிலில் வந்ததைப் போனில் கேளுங்கள். போனில் வந்ததை நேரில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததை வாட்ஸ்அப்புக்கு வெளியே கேளுங்கள். கணினிப் பாதுகாப்பைப் பற்றி நான் சொல்லப்போகும் மற்றதெல்லாம் இதற்குத் துணை.

முதலில் மெயிலை எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டு பையருக்கும் உங்கள் மெர்ச்சண்டைசருக்கும் நடுவே சாம்பிள் அப்ரூவல், பர்ச்சேஸ் ஆர்டர், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் மெயிலில்தான் போய்வருகின்றன. ஏமாற்றுகிறவன் முதலில் ஒரு கடிதம் அனுப்புவான். 'உங்கள் மெயில் பெட்டி நிரம்பிவிட்டது, இங்கே பாஸ்வேர்டு கொடுத்துப் புதுப்பியுங்கள்' என்று அதில் இருக்கும். அழுத்தினால் திறக்கும் பக்கம் உண்மையான பக்கம் போலவே இருக்கும். பாஸ்வேர்டைத் தட்டியதும் அது அவன் கைக்குப் போய்விடும்.

அவன் அன்றே எதையும் எடுக்க மாட்டான். உங்களுக்கு வரும் கடிதங்களின் நகல் தனக்கும் வருகிற மாதிரி ஒரு ஃபார்வர்டிங் விதியை வைத்துவிட்டுக் காத்திருப்பான். யார் யாருக்கு எழுதுகிறார், எப்படி அழைக்கிறார், எந்த ஷிப்மென்ட் எப்போது கிளம்புகிறது என்று வாரக்கணக்கில் படிப்பான். பணம் வர வேண்டிய சமயத்தில், உங்கள் பெயரில், உங்கள் நடையில், பையருக்கு எழுதுவான்: 'எங்கள் கணக்கில் தணிக்கை நடக்கிறது, இந்த முறை மட்டும் கீழே உள்ள கணக்குக்கு அனுப்புங்கள்.' பையர் அனுப்பிவிடுவார். இங்கே சரக்கும் போய்விட்டது, பணமும் வரவில்லை. இரண்டு பக்கமும் நேர்மையானவர்கள். ஆனாலும் அவர்களுக்குள் தகராறு. நிட்டிங் மெஷினோ உதிரிப்பாகமோ இறக்குமதி செய்யும்போது இதே கதை திரும்பி நடக்கும். அப்போது பணத்தை அனுப்பி இழப்பது நாம்.

இது நம் ஊரின் அப்பாவித்தனம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.க்கு 2023-இல் இந்த வகை மெயில் மோசடி பற்றி வந்த புகார்களில் மட்டும் இழப்பு 290 கோடி டாலருக்கு மேல். பெரிய கம்பெனிகளும் இதில் சிக்கியிருக்கின்றன.

தற்காப்புக்குப் பெரிய செலவு இல்லை. கணக்கு எண் மாறியதாகக் கடிதம் வந்தால், அந்த ஆளை ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் பழைய எண்ணில் அழைத்துப் பேசுங்கள். அந்த மெயிலின் அடியில் இருக்கும் எண்ணை அழைக்காதீர்கள். அதுவும் அவன் எண்ணாக இருக்கும். 'எங்கள் வங்கிக் கணக்கு மெயில் வழியாக ஒருபோதும் மாறாது' என்ற ஒரு வரியை ஆர்டர் ஒப்பந்தத்திலும் இன்வாய்ஸிலும் அச்சடித்துவிடுங்கள். பெரிய தொகையை அனுப்ப இரண்டு பேர் ஒப்புதல் வேண்டும் என்று வையுங்கள். மாதம் ஒருமுறை மெயில் அமைப்பைத் திறந்து, நீங்கள் வைக்காத ஃபார்வர்டிங் விதி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை அழித்து, பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறுங்கள்.

இணைய முகவரியை வாசிக்கும் முறையையும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டைத் தாண்டி, அடுத்த ஒற்றைச் சாய்கோடு வரை உள்ள பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதை வலமிருந்து இடமாகப் படியுங்கள். அதன் வலது ஓரத்தில் 'டாட் காம்', 'டாட் கோ டாட் இன்' போன்ற முடிவு இருக்கும்; அதற்கு ஒட்டி இடப்பக்கம் இருக்கும் பெயர்தான் அந்த இடத்தின் உரிமையாளரைக் காட்டும். அதற்கும் இடப்பக்கம் உங்கள் வங்கியின் பெயர் எத்தனை முறை வந்தாலும் அதற்கு மதிப்பில்லை. ஆங்கில 'எம்' எழுத்துக்குப் பதிலாக 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டிப் போட்டால் சின்னத் திரையில் வித்தியாசம் தெரியாது. பையரின் முகவரியை அப்படித்தான் போலி செய்வார்கள். பூட்டுப் படம் இருக்கிறதே என்று நம்பாதீர்கள். நடுவழியில் யாரும் படிக்க முடியாது என்பதற்குத்தான் அந்தப் பூட்டு சாட்சி. மறுமுனையில் இருப்பவர் யோக்கியர் என்று அது சொல்வதில்லை. வங்கிகள் தங்கள் இணைய வங்கிச் சேவையை 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் 31-ஐக் கெடுவாக வைத்தது. உங்கள் வங்கியின் முகவரி அப்படி முடிகிறதா என்று இன்று இரவே பார்த்து, புக்மார்க்கில் போட்டுக்கொள்ளுங்கள். இனி மெசேஜில் வரும் லிங்க் வழியாக வங்கிக்குள் போகவே வேண்டாம்.

அடுத்தது போன் மிரட்டல். நம்மைப் போலவே பின்னலாடைக்குப் பெயர் போன ஊர் லூதியானா. அங்கே, நாட்டின் பெரிய நூல் உற்பத்தி நிறுவனங்களில் ஒன்றான வர்த்தமான் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால். 80 வயதைக் கடந்தவர், பத்மபூஷண் விருது பெற்றவர். 2024 ஆகஸ்ட் இறுதியில் சி.பி.ஐ. அதிகாரிகள் என்று சொல்லிச் சிலர் அவரை அழைத்தார்கள். பணமோசடி வழக்கு ஒன்றில் அவர் பெயர் இருப்பதாகச் சொல்லி, வீடியோ அழைப்பிலேயே கண்காணிப்பில் வைத்தார்கள். உச்ச நீதிமன்றம் போல ஒரு காட்சியை அமைத்து, தலைமை நீதிபதி என்று ஒருவரைப் பேசவும் வைத்தார்கள். அவரிடமிருந்து 7 கோடி ரூபாய் போனது. புகார் கொடுத்த பின் 5 கோடிக்கு மேல் போலீசாரால் மீட்க முடிந்தது. நடந்ததை அவரே பத்திரிகைகளிடம் சொன்னார். அதற்காக நாம் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஒரு பெரிய மனிதர் வெளிப்படையாகப் பேசியதால் எத்தனையோ பேர் தப்பித்திருப்பார்கள்.

இதைத்தான் 'டிஜிட்டல் கைது' என்கிறார்கள். அப்படியொரு கைது இந்தியச் சட்டத்தில் கிடையாது. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே வானொலியில் அதைச் சொன்னார். போலீஸ், சி.பி.ஐ., கஸ்டம்ஸ், நீதிமன்றம் எதுவும் வீடியோ அழைப்பில் கைது செய்யாது, பணமும் கேட்காது. 'கூரியரில் உங்கள் பெயரில் போதைப்பொருள் பிடிபட்டது' என்று யாராவது சொன்னால் போனை வையுங்கள். பக்கத்து ஸ்டேஷனுக்கு நேரில் போய்க் கேளுங்கள். போனை வைக்கக் கூடாது, வீட்டில் சொல்லக் கூடாது என்று அவர்கள் மிரட்டுவதே நீங்கள் வேறு வழியில் சரிபார்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

இனி கைபேசி. இது முதலாளிக்கும் டெய்லருக்கும் ஒன்றேபோல் பொருந்தும். பவர் டேபிளில் உட்காருகிறவர் கையில் இருப்பதும் ஒரு கணினிதான். சனிக்கிழமைச் சம்பளம் அதற்குள்தான் இருக்கிறது.

யு.பி.ஐ.யில் பின் நம்பர் பணம் அனுப்பவும் இருப்பைப் பார்க்கவும்தான். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் வேண்டாம், எதையும் ஸ்கேன் செய்யவும் வேண்டாம். 'உங்களுக்குப் பணம் வருகிறது, பின் போடுங்கள்' என்று ஒருவர் சொன்னால் அவர் உங்கள் பணத்தை எடுக்கப் பார்க்கிறார்.

கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதச் சலான், அரசு உதவித்தொகைப் பட்டியல் என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் வரும். அதன் பெயர் 'ஏ.பி.கே.' என்று முடிந்தால் அது பத்திரிகையும் இல்லை, பட்டியலும் இல்லை. அது ஒரு ஆப். நிறுவினால் உங்கள் எஸ்.எம்.எஸ்.ஸைப் படிக்கும்; வங்கி அனுப்பும் ஓ.டி.பி.யை எடுத்துக்கொண்டு போகும். அனுப்பியது உங்கள் மாமாவாக இருந்தாலும் திறக்காதீர்கள். அவர் போனை ஏற்கெனவே பிடித்துக்கொண்டவன்தான் அவர் பெயரில் அனுப்பியிருப்பான். மாமாவை அழைத்துக் கேளுங்கள். ஆப் வேண்டுமென்றால் பிளே ஸ்டோரில் தேடி எடுங்கள்.

ஐந்து நிமிடத்தில் கடன் தருகிறேன் என்னும் ஆப் உங்கள் தொடர்பு எண்களையும் போட்டோக்களையும் ஏன் கேட்கிறது என்று யோசியுங்கள். திருப்பிக் கேட்கும்போது உங்கள் உறவினர்களை அழைத்து அவமானப்படுத்துவதற்குத்தான். கடன் கொடுப்பவருக்கு உங்கள் போட்டோ ஆல்பம் எதற்கு? அனுமதி கேட்கும் இடத்தில் 'வேண்டாம்' என்று அழுத்தப் பழகுங்கள்.

விடுதிகளிலும் லைன் வீடுகளிலும் இருக்கும் இளைஞர்களிடம் இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். 'உன் வங்கிக் கணக்கையும் சிம்மையும் ஏ.டி.எம். கார்டையும் கொடு, மாதம் இவ்வளவு தருகிறேன்' என்று வந்து கேட்பார்கள். மோசடியில் பறித்த பணத்தைக் கைமாற்ற அவர்களுக்குக் கணக்குகள் தேவை. பணம் உன் கணக்கு வழியாகப் போனால் போலீஸ் முதலில் உன் வீட்டுக்குத்தான் வரும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து உழைக்கும் தம்பிகளுக்கு இதை அவர்கள் மொழியில் யாராவது சொல்ல வேண்டும். ஹெச்.ஆர். அலுவலர்கள் இதைத் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

போன் தொலைந்தால் முதலில் சிம்மை முடக்குங்கள், அடுத்து வங்கிக்குச் சொல்லுங்கள், பிறகு போலீஸ் புகாரோடு மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொடுத்துப் போனையே முடக்குங்கள். நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் என்று தட்டினால் அந்த எண் திரையில் வரும். இன்றே எழுதி வீட்டில் வையுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகின்றன என்பதையும் அதே தளத்தில் பார்க்கலாம்.

பணம் மட்டும் போவதில்லை, ஊரின் பெயரும் போகலாம். 2023 மார்ச் முதல் வாரத்தில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளிகளை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. வேறு இடங்களில், வேறு காரணங்களுக்காக நடந்த சம்பவங்களின் காட்சிகள் அவை. தமிழகக் காவல்துறை அவை பொய் என்று அறிவித்தது. பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு திருப்பூருக்கும் வந்து தொழிலாளிகளிடம் விசாரித்தது. அதற்குள் பயந்துபோய் ரயில் ஏறியவர்கள் பலர். ஊரில் இருக்கும் தாய் அந்த வீடியோவைப் பார்த்தால் மகனைத் திரும்பி வா என்றுதானே சொல்வாள்? ஒரு வீடியோவை அனுப்புமுன், எந்த ஊர், எந்தத் தேதி, வேறு எந்தச் செய்தி நிறுவனம் சொல்கிறது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அனுப்பாதீர்கள். அதுவும் பாதுகாப்புதான்.

இப்போது அலுவலகக் கணினி. 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற நிரல் 150-க்கு மேற்பட்ட நாடுகளில் கணினிகளைப் பூட்டி, திறக்க 300 டாலர் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14 அன்று வெளியிட்டிருந்தது. அதைப் போட்டிருந்தவர்களின் கணினிக்குள் அந்த ஓட்டை வழியாக அது நுழைய முடியவில்லை. 'வேலை நேரத்தில் அப்டேட் வருகிறது' என்று தள்ளிப்போடும் நண்பர்கள் இதை நினைவில் வையுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. இன்னும் அதில்தான் ஓடுகிறோம் என்றால், மாற்றுவதற்குத் தேதி குறியுங்கள். டிசைன் போடவும் பேட்டர்ன் வரையவும் கிராக் செய்த மென்பொருளை யாரோ பென் டிரைவில் கொடுத்தார் என்றால் ஏற்காதீர்கள். பூட்டை உடைத்துக் கொடுத்தவன் உள்ளே வேறு என்ன வைத்தான் என்று யாருக்கும் தெரியாது.

2022 நவம்பர் 23 அன்று டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் வான்னாக்ரை போலக் கணினியைப் பூட்டும் ஒரு நிரலால் தாக்கப்பட்டன. நாட்டின் முதன்மையான மருத்துவமனை, நாட்கணக்கில் நோயாளிச் சீட்டைக் கையால் எழுத வேண்டியிருந்தது. உங்கள் டேலி கணக்கு, சம்பளப் பட்டியல், ஆர்டர் ஷீட் ஒரு காலையில் திறக்கவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? மூன்று நகல் வையுங்கள். இரண்டு வகைச் சாதனங்களில் வையுங்கள். ஒன்றாவது கட்டடத்துக்கு வெளியே இருக்கட்டும். நகல் எடுத்த ஹார்ட் டிஸ்க்கைக் கணினியிலேயே செருகி வைத்தால் அதையும் சேர்த்துத்தான் பூட்டுவான். எடுத்ததும் கழற்றிவிடுங்கள். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு ஃபைலைத் திறந்து பாருங்கள். திறக்காத நகல் நகலே இல்லை.

இணைய இணைப்பு உள்ளே வரும் வாசல் ரவுட்டர். அதன் பாஸ்வேர்டு தயாரித்த கம்பெனி வைத்ததாகவே இருந்தால் இன்றே மாற்றுங்கள். சி.சி.டி.வி.க்கும் இதே விதி. 2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்குத் திறக்காமல் போயின. அதற்குக் காரணமான தாக்குதலை நடத்தியது மிராய் என்ற நிரல். பாஸ்வேர்டு மாற்றாத கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் உலகெங்கும் பிடித்து அது படை திரட்டியிருந்தது. விருந்தினருக்கு என்று தனி வைஃபை வையுங்கள். ஆடிட்டுக்கு வருகிறவரும் நூல் ஏஜென்டும் டேலி ஓடும் நெட்வொர்க்கில் சேர வேண்டிய அவசியம் இல்லை.

பாஸ்வேர்டு நீளமாக இருக்கட்டும். தொடர்பில்லாத நான்கு சொற்களைச் சேர்த்தால் போதும், நினைவிலும் நிற்கும். மெயிலுக்கு ஒன்று, வங்கிக்கு வேறொன்று. மெயில், வாட்ஸ்அப் இரண்டிலும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். பாஸ்வேர்டு களவு போனாலும் உள்ளே வர இன்னொரு தடை இருக்கும். ஜி.எஸ்.டி.க்கும் கஸ்டம்ஸுக்கும் கையெழுத்துப் போடும் டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனை யார் மேசையிலும் விட்டுவைக்காதீர்கள். அது உங்கள் கையெழுத்து.

இவ்வளவுக்குப் பிறகும் ஏமாற்றப்பட்டால்? உடனே 1930-ஐ அழையுங்கள். போன பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்கு, அங்கிருந்து பல கணக்குகள் என்று ஓடும். இந்த எண்ணுக்குச் சொன்னதும் சம்பந்தப்பட்ட வங்கிகளுக்குத் தகவல் போய், அப்போது எந்தக் கணக்கில் இருக்கிறதோ அங்கே பணத்தை நிறுத்திவைக்க முடியும். முதல் ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் வாய்ப்பு மறுநாள் கிடைக்காது. அழைத்த பின் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியுங்கள். மெசேஜ், பரிவர்த்தனை எண், ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காதீர்கள்.

இங்கே முதலாளிகளிடம் ஒரு வேண்டுகோள். அந்த ஒரு மணி நேரத்தை நாம் இழப்பதற்குப் பெரிய காரணம் பயம். தவறான லிங்க்கை அழுத்திவிட்ட பெண், வேலை போய்விடும் என்று பயந்து சாயங்காலம் வரை சொல்லாமல் இருப்பார். முதலில் சொல்கிறவரைத் திட்ட மாட்டோம் என்று இன்றே உங்கள் அலுவலகத்தில் அறிவியுங்கள். கணக்கு எண்ணைச் சரிபார்க்க உங்களையே திரும்ப அழைக்கும் கேஷியரிடம் 'என் மேல் நம்பிக்கை இல்லையா' என்று கேட்காதீர்கள். அவர் எடை போட்டுப் பார்க்கிறார், பாராட்டுங்கள்.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, ஒரு பட்டறையின் கழிவு எல்லோருடைய தொழிலையும் நிறுத்தும் என்பதை இந்த ஊர் கண்டது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைச் சேர்ந்து நடத்தி, கழிவுநீரைத் திரும்பப் பயன்படுத்தித்தான் மீண்டோம். மெயிலும் அப்படித்தான். பத்து மெஷின் வைத்திருக்கும் ஜாப் ஒர்க் அண்ணனின் மெயில் திருடு போனால், அவர் பெயரில் போலி பில் வருவது பெரிய கம்பெனிக்கு. ஆகவே பெரிய நிறுவனங்கள் தங்களுக்கு வேலை செய்யும் சிறு யூனிட்டுகளுக்கும் இந்தப் பயிற்சியைக் கொடுக்க வேண்டும். சங்கங்கள் இதைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் நடத்த வேண்டும்.

வீட்டுக்குப் போனதும் மூன்று காரியம் செய்யுங்கள். மெயிலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு போடுங்கள். 1930 என்ற எண்ணைப் போனில் சேமித்து, வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். நாளைக் காலை உங்கள் கணக்குப் பிரிவை அழைத்து, இனி எந்த வங்கிக் கணக்கு மாற்றமும் பழைய எண்ணில் பேசி உறுதி செய்யாமல் ஏற்கப்படாது என்று எழுத்தில் கொடுங்கள்.